ஒன்பது மாடி இறங்கிய முன்சக்கரம்

தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது யாரும் என் குறுக்கே வரக் கூடாது. அந்த வருடம் குறுக்கே வந்தது ஒரு போர் விமானம். சிங்கப்பூரில், எங்கள் ஈசூன் அடுக்குமாடி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு மாதமாக உட்கார்ந்திருந்தது. முழங்கை நீளத்தில் என் கணவர் ஒட்டிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் மாதிரி. ஓய்வு பெறும்வரை விமானப்படைத் தளத்தில் அதே ரகத்தைத்தான் பழுது பார்த்தார். கட்டின பெண்டாட்டியை அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை.

விமானத்தை அலமாரியில் ஏற்றினேன். பாகங்களைக் கிள்ளி எடுத்தபின் மிஞ்சிய பிளாஸ்டிக் சட்டங்களைச் செய்தித்தாளில் சுருட்டி, கீழ்த்தளம்வரை போகும் குப்பைக் குழாயில் தள்ளினேன். மூடியைச் சாத்தும்போதுதான், தாளுக்கு வெளியே நீட்டியிருந்த ஒரு சட்டத்தின் ஓரத்தில் மிளகளவு சக்கரம் ஒட்டியிருந்தது கண்ணில் பட்டது. அதற்குள் ஒன்பது மாடியும் இறங்கிவிட்டது.

மறுநாள் அவர் முட்டி போட்டுக்கொண்டு, டார்ச் அடித்துத் தேடினார்.

"முன்சக்கரத்தக் காணோம். நீ தூக்கிப் போட்டதுல ஏதாச்சும் ஒட்டிட்டு இருந்துச்சா?"

"வெறும் சட்டந்தாங்க" என்றேன். வாய் முந்திக்கொண்டது.

"அப்ப நான்தான் கிள்ளி எடுத்து எங்கயோ போட்டுட்டேன்."

வேலையை அப்படியே நிறுத்திவிட்டார். தளத்தில் ஒரு ஸ்க்ரூடிரைவர் குறைந்தாலும், அது கிடைக்கும்வரை விமானம் கிளம்பாதாம். "எடுத்தவன் வந்து சொல்லிட்டா நாங்க திட்டவே மாட்டோம்" என்று சோபாவுக்கு அடியிலிருந்து சொன்னார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள்; நான் துடைத்த அலமாரியையே மறுபடி துடைத்தேன்.

பூ வாங்கப் போன சாக்கில் ஃபேரர் பார்க் பக்கம் மாதிரி விமானங்கள் விற்கும் ஒரு கடையில் கேட்டேன். "சக்கரம் மட்டும் தனியா கிடைக்காது லா, அக்கா. அந்தப் பெட்டியே இப்ப வர்றதில்ல" என்று கடைக்காரர் கையை விரித்தார். திரும்பி வரும் வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

மூன்றாம் நாள் விமானத்தைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். சாப்பிட்டபின், கிழமைக்கு ஒரு மூடி வைத்த தன் மாத்திரை டப்பாவை என்னிடம் நீட்டினார்.

"இனிமே நீயே எடுத்துக் குடு. கிள்ளினதே எனக்கு நெனப்பில்ல; நான் மாத்தி முழுங்கிடுவேன்."

டப்பாவை வாங்க என் கை வரவில்லை. நாற்பது வருடக் குடித்தனத்தில் நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டவள் இல்லை. ஐயோ, இந்த மனிதரை நான் என்ன செய்துவைத்திருக்கிறேன்!

"என்னங்க, நான்தான் போட்டேன். குழாயில. பாத்துட்டுத்தான் பொய் சொன்னேன்."

கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

"அப்ப நான் தொலைக்கலையா?"

"இல்லங்க."

"நான் கிள்ளவே இல்லையா?"

"இல்லவே இல்லங்க."

நீட்டிய டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை மூடியைத் திறந்து, இரண்டு மாத்திரைகளையும் தானே எடுத்து விழுங்கினார்.