வேண்டுமென்று விட்ட பிழைகள்

முதல் அறிகுறி வலியல்ல. என் சப்பாத்துக் கயிற்றை யாரோ மாற்றிக் கட்டிவிட்டார்கள் என்ற எண்ணம்.

2000களின் நடுப்பகுதி. ஒஸ்லோவில் ஒரு ஐஸ் ஹொக்கி அணியில் சம்பளத்துக்கு விளையாடிக்கொண்டிருந்தேன். ஆட்டத்தின் நடுவில் எதிரணிக்காரன் ஒருவன் தோளால் இடித்து, ஆடுகளத்தைச் சுற்றியிருக்கும் பலகையில் என்னை மோதவைத்தான். எழுந்து மிச்ச ஆட்டத்தையும் ஆடினேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவிருப்பது உடைமாற்றும் அறை. குனிந்து பார்த்தால் சறுக்குச் சப்பாத்தின் கயிறு நான் கட்டும் விதமாக இல்லை. பக்கத்திலிருந்தவனின் சட்டையைப் பிடித்து, என் சப்பாத்தை ஏன் தொட்டாய் என்று கேட்டேன். அவன் பயந்துபோய் மருத்துவரைக் கூப்பிட்டான். ஆட்டத்துக்கு முன்பு நானே கட்டிய கயிறுதான் அது.

மூளையதிர்வு (அடிபட்டதில் மூளை மண்டையோட்டுக்குள் குலுங்கிப்போவது) என்றார் அணியின் மருத்துவர். பெரும்பாலும் ஸ்கேனில் எதுவும் தெரியாதாம். ஓய்வு, மங்கிய வெளிச்சம், தலைவலிக்குக் குளிசை.

தலையில் அடிபட்டு, "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்காகவும்.

ஒஸ்லோவின் ஓரத்தில், ரொம்சோஸில் எங்கள் வீட்டில் திரைச்சீலையை இழுத்துவிட்டு மூன்று கிழமை கிடந்தேன். அந்த நாட்களில் என்னிடம் செழிப்பாக வளர்ந்தது சந்தேகம் ஒன்றுதான். அணியிலிருந்து நலம் விசாரித்து அழைப்பு வந்தால், என் இடத்தில் வேறொருவனை எடுத்துவிட்டார்கள் என்று நினைப்பேன். வராவிட்டாலும் அதையேதான் நினைப்பேன். என் மனைவி வதனியும் அப்பாவும் சமையலறையில் கதைத்துக்கொண்டிருப்பார்கள். நான் போனதும் பேச்சு நிற்கும்.

"காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று வதனி கேட்பாள்.

"என்னை விசாரிக்கிறியோ?"

"இல்லை, சும்மா கேட்டனான்."

அந்தச் சும்மாவை நான் நம்பவில்லை. சந்தேகப்படுவதும் சிலருக்கு இந்த நோயின் அறிகுறிதான் என்றார் மருத்துவர். இவருக்குச் சம்பளம் கொடுப்பது அணிதானே என்று அதையும் சந்தேகப்பட்டேன்.

தலைவலி குறைந்ததும் கணினிப் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். திரையில் சொற்களும் உருவங்களும் வந்து வந்து போகும். முன்பு பார்த்ததா இல்லையா என்று விசையை அமத்த வேண்டும். இதே பரிசோதனையை ஆட்டப் பருவம் தொடங்கமுன் ஆகஸ்டிலும் செய்திருந்தோம். அதற்குப் பெயர் அடிப்படைப் பரிசோதனை (நல்ல நிலையில் எடுத்துவைத்து, அடிபட்டபின் ஒப்பிடுவது). மருத்துவர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஆகஸ்டை விடச் சற்று நன்றாகவே செய்திருக்கிறீர்கள். இரண்டு கிழமையில் விளையாடலாம்," என்றார்.

இங்கே ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆகஸ்டில் நான் வேண்டுமென்று பிழை விட்டேன். சரியான விசைக்கு விரல் போகும்; ஒரு கணம் நிறுத்தி மற்றதை அமத்துவேன். முதல் தாளில் மந்தமாக இருந்தால், அடிபட்டபின் எடுக்கும் தாளில் நலமாக இருப்பவனாகத் தெரியலாம். வெளியே உட்கார வேண்டி வராது. பழைய வீரர்கள் சொல்லித்தந்த கெட்டித்தனம் இது. எல்லாரையும் சந்தேகப்பட்ட எனக்கு, அந்தத் தாளைச் சந்தேகிக்க மட்டும் மனம் வரவில்லை. சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

எங்கள் வீட்டில் ஞாயிறு மத்தியானம் முந்நூற்றிநாலு விளையாடுவோம். அடிபட்ட பிறகும் அதை விடவில்லை. விழுந்த சீட்டையெல்லாம் நினைவில் வைத்திருக்க வேண்டிய சீட்டாட்டம் அது. நானும் அப்பாவும் ஒரு பக்கம். வதனியும் றஞ்சன் மாமாவும் மற்றப் பக்கம். மாமா வட நோர்வேயில், பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் அப்பாவோடு வேலை செய்தவர். தோற்றவர்கள் காதில் உடுப்புக் காயப்போடும் கிளிப்பை மாட்டிக்கொண்டு அடுத்த ஆட்டம் ஆட வேண்டும். அடிபட்ட பிறகு என் காதில் கிளிப் ஏறியதாக எனக்கு நினைவில்லை. மூளை பழுதில்லை என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும் என்று இருந்தேன்.

பரிசோதனை முடிந்து வந்த ஞாயிறு, கலாவரை (கிளப்ஸ்) இறங்கியது. என் ஒன்பது மேசையில் கிடந்தது. இந்த ஆட்டத்தில் அதை வெல்லும் ஒரே கலாவரைச் சீட்டு ஜாக். மாமாவின் விரல் ஒரு சீட்டைத் தொட்டது. ஒரு கணம் நின்றது. பிறகு நகர்ந்து ஏழாம் சீட்டை எடுத்துப் போட்டது.

அந்தத் தயக்கத்தை எனக்குத் தெரியும். ஆகஸ்டில் என் விரலும் அப்படித்தான் நின்றது. கடைசிப் பிடியில் மாமாவின் கையிலிருந்து கலாவரை ஜாக் விழுந்தது.

"மாமா, ஜாக்கை ஏன் வைச்சுக்கொண்டிருந்தனீங்கள்?"

"கவனிக்கேல்லை தம்பி."

"இவ்வளவு காலமும் கவனிச்ச ஆள், இப்பவோ கவனிக்கேல்லை?"

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா சீட்டுகளை அடுக்கி வைத்தார்.

"முதல் ரெண்டு ஞாயிறும் நீ துரும்புச் சீட்டு எதெண்டே மறந்துபோனாய். கேட்டதுக்குச் சண்டைக்கு வந்தனீ. அதாலைதான்," என்றார்.

"நான்தான் இவையளுக்குச் சொன்னனான்," என்றாள் வதனி. "வெண்டால்தான் நீங்கள் நித்திரை கொள்ளுறியள்."

அந்த இரண்டு ஞாயிறும் என்னிடம் இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன், எதுவுமே வரவில்லை. சமையலறைப் பேச்சு ஏன் நின்றது என்பது மட்டும் விளங்கியது. என் சந்தேகம் நோய்தான். ஆனாலும் அது சரியாகவே இருந்திருக்கிறது. எனக்குக் கோபத்தைவிடப் பயம்தான் வந்தது. பழைய அடி ஆறமுன் இன்னொன்று விழுந்தால் மூளை வீங்கி உயிரும் போகலாம் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். அந்த ஆபத்துக்குள் இறங்கத்தான் நான் விளையாட்டுப் பையைக் கட்டி வைத்திருந்தேன்.

மறுநாள் மருத்துவரிடம் ஆகஸ்டைப் பற்றிச் சொன்னேன். அவர் இரண்டு தாள்களையும் மூடி வைத்தார்.

"உங்கள் அணியில் பாதிப்பேர் ஆகஸ்டில் மட்டும் மந்தமானவர்கள். எனக்கும் சந்தேகம் இருந்தது, நான் கேட்கவில்லை," என்றார். "இனி ஒப்பிட என்னிடம் எதுவும் இல்லை. அடிபடமுன் உங்களை நன்றாகத் தெரிந்தவர்கள் இருக்கிறார்களா?"

மூன்று பேர் இருக்கிறார்கள் என்றேன். அவர்களைக் கூப்பிட்டுக் கேட்டார். அதன்பின் நான் எந்த அணிக்காகவும் பனிக்கட்டியில் இறங்கவில்லை.

முன்பு என் நேரம், ஐஸ் ஹொக்கி ஆட்டத்தைப் போல, இருபது இருபது நிமிடமாக மூன்று துண்டு. இப்போது கேள்விக்கும் என் பதிலுக்கும் நடுவில் சிறிய இடைவெளி ஒன்று இருக்கிறது. அது முன்பும் இருந்ததா என்று எந்தத் தாளும் சொல்லாது. அந்தத் தாளை நானே கெடுத்துவிட்டேன். உங்களிடம் அடிப்படைப் பரிசோதனை எடுத்தால் ஒழுங்காகச் செய்யுங்கள்.

அடுத்த ஞாயிறு சீட்டைக் குலுக்கமுன், இனிக் கள்ளம் வேண்டாம் என்று மூவரிடமும் சொன்னேன். மாமா ஜாக்கை எடுத்த எடுப்பில் போட்டு என் ஒன்பதை அள்ளினார். மூன்றாம் பிடியில் எனக்குத் துரும்பு மறந்துபோனது. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். தோற்றோம்.

வதனி கிளிப்பைக் கொண்டுவந்தாள். மெல்லத்தான் வைக்கப் பார்த்தாள்.

"வடிவா மாட்டு," என்றேன்.

மாட்டினாள். காது எரிந்தது. அடிபட்ட நாளிலிருந்து, நான் சந்தேகப்படாத முதல் வலி அது.