மாமாவின் கேடயம்

அம்மாவும் அப்பாவும் வேலை முடிந்து வர ஏழு மணியாகும். அதுவரை காக்ஸ் டவுன் மாடிவீட்டில் எனக்குத் துணை, மாமாவின் கம்ப்யூட்டர்தான். மாமா என்றால் அம்மாவின் தம்பி. சேலத்திலிருந்து சாஃப்ட்வேர் வேலைக்கு வந்து எங்களோடு தங்கியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் ஒரே கீபோர்டில் ஒரு சண்டை கேம் விளையாடுவோம். வீரன், மந்திரவாதி, வில்லாளி என்று எட்டு வகை ஆட்கள். முகம், முடி, உடை எல்லாம் நம் இஷ்டம். நான் காயம் ஆற்றும் வைத்தியச்சி. இரட்டைச் சடை, பச்சைப் பாவாடை. மாமா வீரன். ஆனால் ஜெயித்துக் கிடைக்கும் புள்ளிகளையெல்லாம் கேடயத்திலேயே கொட்டுவார். ஒரு ஓநாயைக் கொல்லக் கால்மணி நேரமாகும். எனக்கு மானம் போகும்.

"வாள்ல போடுங்க மாமா!"

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ பாப்பா. உன் ஆளுக்கு அடி விழலை இல்ல?"

கணக்கில் மார்க் குறைந்து அம்மா கையை ஓங்கினாலும் அவர்தான் குறுக்கே வருவார். "விடுக்கா, நான்தான் விளையாடக் கூப்பிட்டேன்" என்பார். பாதி நாள் அது பொய்.

பிறகு அவருக்குப் புனேயில் வேலை கிடைத்தது. கம்ப்யூட்டரை எனக்கே விட்டுப் போனார். இடது கையால் என்னையும் வலது கையால் அவரையும் நடத்திப் பார்த்தேன். நடந்தார்கள். பக்கத்து நாற்காலி மட்டும் காலி. அழுகையாக வந்தது, அதைவிடக் கோபமாக வந்தது. அவருடைய வீரனின் கேடயப் புள்ளிகளையெல்லாம் பிடுங்கி வாளில் போட்டேன். ஓநாய்கள் சட்டுசட்டென்று விழுந்தன. ஆனால் அவன் முன்னால் ஓடிவிட, ஒவ்வொரு சண்டையிலும் பின்னால் நின்ற வைத்தியச்சி செத்தாள்.

அந்த வாரம் மாமா போன் செய்தார்.

"என் ஆளு எப்படி இருக்கான்?"

"இப்பதான் சூப்பரா சண்டை போடறான். கேடயத்தை எடுத்துட்டேன்."

"உன் ஆளு?"

"செத்துச் செத்துப் போறா."

"போனை அம்மாகிட்ட குடு" என்றார் மாமா. அம்மா வெகுநேரம் "சரிடா, சரிடா" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுவாரம் கணக்குத் தாளை நீட்டினேன். நூற்றுக்கு முப்பத்தொன்று. அம்மா கையை ஓங்கினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. திறந்து பார்த்தபோது கையை இறக்கிவிட்டு, தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்கு இன்றைக்கு நல்ல மூடு என்று நினைத்துக்கொண்டு, காலி நாற்காலிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.