வாரேனுங்க

ஊரில் யாருக்கு என்ன வந்தாலும் "நிறையத் தண்ணி குடிங்க" என்று சொல்லும் தமிழ்ச்செல்வி, தான் மட்டும் குடிக்க மாட்டாள். கெங்கவல்லிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருபது வருஷத்துக்கு மேலாகச் சுகாதார செவிலியர். அவளுடைய துணை சுகாதார நிலையத்தில் தடுப்பூசி வைக்க ஃப்ரிட்ஜ் உண்டு, சுவரில் வண்ணப் படங்கள் உண்டு, கழிப்பறை மட்டும் கிடையாது. காலையில் வீட்டில் குடித்த காப்பியோடு சாயங்காலம் வரை ஓட்டுவாள். நீர்க்கடுப்பு வந்து தானே மாத்திரை விழுங்கியதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது?

அதனால்தான் செவிலியர் சங்கத்தின் மாநில மாநாடு நாமக்கல்லில் என்றதும், எல்லாத் துணை நிலையங்களிலும் கழிப்பறை வேண்டும் என்று ஒரு தீர்மானம் எழுதினாள். இதெல்லாம் ஒரு தீர்மானமா என்றவர்களோடு சண்டை போட்டு, ஏழாவதாகச் சேர்க்கவும் வைத்துவிட்டாள். முன்மொழிபவர் மேடையில் இல்லாவிட்டால் தீர்மானம் விழுந்துவிடும். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் அங்கே போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான் வேலை.

ஆத்தூரில் ஒரு பஸ், ராசிபுரத்தில் ஒரு பஸ் என்று மாறி நாமக்கல் புது பஸ் ஸ்டாண்டில் இறங்கினாள். வரவேற்புப் பதாகைக்குக் கீழே வெள்ளைச் சட்டையில் ஒருவர் நின்றிருந்தார். பெயர் கந்தவேல், சங்கத்துப் பொருளாளர் அம்மாவின் வீட்டுக்காரர்.

"வாங்க, வாங்க. மண்டபம் இங்க பக்கந்தானுங்க. வேன் வந்துரும், இப்படியே நில்லுங்க. எதுக்கும் என்ர நம்பர வெச்சுக்குங்க. அப்ப நான் வாரேனுங்க" என்றார். போய்விட்டார்.

போகிறேன் என்று சொல்லக் கூடாதென்று நாமெல்லாரும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போகிறோம். அது தமிழ்ச்செல்விக்குத் தெரியாதா? ஆனால் வேன் வரும், நில்லுங்க, வாரேன் என்று ஒரே மூச்சில் சொன்னால், மனிதர் வேனோடு வருவார் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? நின்றாள். வெயில் ஏறியது. எதிரிலேயே கழிப்பறை தெரிந்தது. போய்விட்டு வரலாம்தான், அந்த நேரம் பார்த்து வேன் வந்து போய்விட்டால்? பல்லைக் கடித்துக்கொண்டு போன் போட்டாள்.

"அண்ணா, எங்க இருக்கீங்க?"

"ஊட்டுக்கு வந்துட்டேனுங்க."

"வர்றேன்னு சொன்னீங்களே!"

"ஆமாங்க, சொல்லிட்டுத்தானுங்களே வந்தேன்."

"அப்ப வேன்?"

"இன்னும் வல்லீங்களா? அப்ப இனி வராதுங்க."

தமிழ்ச்செல்விக்கு வந்த ஆத்திரத்தில் போனைத் தூக்கி எறியாமல் இருந்ததே பெரிய விஷயம். ஆட்டோவைக் கைகாட்டினாள். ஓட்டுநர் காளியண்ணன் தலை நரைத்தவர்.

"மாநாட்டுக்குங்களா? ஏறுங்க சாமி, நேரா கொண்டி உடறேன்."

நேராகத்தான் கொண்டுபோய் விட்டார், ஆளுயரக் கோழிப் படம் வைத்த வாசலில். நாமக்கல்லில் மாநாடு என்றால் அது கோழிப் பண்ணைக்காரர்கள் மாநாடுதான் என்பது அவர் தீர்மானம். அவள் வாயைத் திறப்பதற்குள் யாரோ கையில் ரோஜாப்பூவைக் கொடுத்து, கழுத்தில் கோழி போட்ட அட்டையையும் மாட்டிவிட்டார்கள்.

"நர்சம்மா மாநாடுன்னு முன்னாலயே சொல்றதில்லீங்களா சாமி?" என்று காளியண்ணன் அவளையே கடிந்துகொண்டு வண்டியைத் திருப்பினார். வழியெல்லாம் இருந்த வேகத்தடை ஒவ்வொன்றும் அவள் உயிரை எடுத்தது.

மண்டபத்தில் இறங்கியதும் மேடைப் பக்கம் போகவில்லை, பின்பக்கம் ஓடினாள். அங்கே நடை முழுக்கப் பெண்கள் வரிசை. வரிசையின் முன்னால் பூட்டிய கதவு.

"சாவி எங்க?"

"மண்டபத்து மேனேசருகிட்ட இருக்குதுங்க" என்றாள் முன்னால் நின்ற திருச்செங்கோட்டு அறிவுச்செல்வி. "வாரேனுங்கன்னு சொல்லிட்டுப் போனாரு."

"அவரு வர மாட்டாரு" என்றாள் தமிழ்ச்செல்வி. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அப்போதுதான் ஒலிபெருக்கியில் தலைவி ராமாயி அம்மாவின் குரல் கேட்டது. "ஏழாவது தீர்மானமுங்க. முன்மொழியறவங்களக் காணோம். தள்ளிட்டுச் சாப்பிடப் போயரலாமுங்களா?"

"இருக்கேன்! இருக்கேன்!" என்று கத்திக்கொண்டே நடையிலிருந்து ஓடினாள். மேடை ஏறியதும் ஒருத்தி தண்ணீர் பாட்டிலை நீட்டி, "குடிச்சுட்டுப் பேசுங்கக்கா" என்றாள்.

தமிழ்ச்செல்வி அந்தப் பாட்டிலைப் பார்த்தாள். மைக்கைப் பிடித்தாள்.

"இத என்னால குடிக்க முடியாதுங்க. காலையில இருந்து குடிக்கல. இருபது வருஷமா எங்க சென்டர்லயும் குடிக்கல. நம்ம யாரும் குடிக்கறதில்ல, குடிக்கறோம்னு பொய் சொல்றோம். ஏழாவது தீர்மானத்த நான் முன்மொழியறேன். வழிமொழியறவங்க பின்னால பூட்டின கதவுக்கு முன்னாடி நிக்கறாங்க. இங்க வந்தா வரிசையில எடம் போயிடும், அதனால வரல."

பின்பக்க நடையிலிருந்து கைகள் உயர்ந்தன. "ஆமாங்க!" என்று அங்கிருந்தே குரல்கள் வந்தன. மண்டபத்திலும் கைகள் உயர்ந்தன.

ராமாயி அம்மா தீர்மானம் நிறைவேறியதாக அறிவித்தார். தமிழ்ச்செல்வி மைக்கை விடவில்லை.

"சந்தோசம். இப்ப சாவி?"

"இருங்க கண்ணு, நானே போய்ப் பாத்துட்டு வாரேன்" என்று தலைவி எழுந்தார்.

நடையில் நின்றவர்கள் எல்லாரும் ஒரே குரலில் "ஐயோ!" என்றார்கள். தமிழ்ச்செல்வி ஒரே எட்டில் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தனியாப் போகாதீங்கம்மா. நானும் கூட வர்றேன்."