டாக்டருக்குப் பூ வைக்க வந்த அம்மா

தேனியில் மனநல டாக்டரைப் பார்க்கப் போவதும் கல்யாண மண்டபத்தில் மைக் பிடித்து அறிவிப்பதும் ஒன்றுதான். டோக்கன் வாங்கி உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலியில் கட்டாயம் ஒரு சொந்தக்காரர் இருப்பார். "துணைக்கு வந்தேன்" என்பார். நானும் "துணைக்குத்தான்" என்பேன். யாருக்குத் துணை என்று இருவரும் கேட்டுக்கொள்ள மாட்டோம். ஆனால் நான் பழனிசெட்டிபட்டியில் வீடு வந்து சேர்வதற்குள் கம்பத்து மாமா போன் போட்டு விசாரிப்பார். அதனால்தான் கோயம்புத்தூர் டாக்டரம்மா ஒருவரை வீடியோவிலேயே பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. காய்கறி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் வேலை. கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் அம்மாவும் நானும்தான். விடிந்தால் எழ வேண்டுமே என்ற நினைப்பே பாரமாக இருந்தது. பல் விளக்குவதற்கே அரை நாள் தெம்பு செலவாகும். கடையில் தக்காளிப் பெட்டிக்கு விலை சொல்லிக்கொண்டிருக்கும்போதே பாதியில் நின்றுவிடுவேன். மீதியைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தோன்றும். செத்துப் போனால் தேவலை என்றும் தோன்றியது. அதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது.

அந்த ஆள் அம்மா இல்லை. அம்மாவுக்குத் தெரிந்தால் நேராகக் கோடாங்கி வீடுதான். அவர் உடுக்கை அடித்து, என்றைக்கோ செத்துப்போன பெரியப்பா என் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறார் என்று கண்டுபிடிப்பார். மாத்திரையெல்லாம் வாய்க்காலுக்குப் போய்விடும். டாக்டரோ, மாத்திரையைப் பாதியில் நிறுத்தவே கூடாது என்று முதல் நாளே கறாராகச் சொல்லியிருந்தார். ஆகவே வயிற்றுப் புண்ணுக்கு மருந்து என்று அம்மாவிடம் புளுகி வைத்தேன். அம்மா அதை நம்பிக் குழம்பில் காரத்தை நிறுத்தினாள். மனச்சோர்வோடு சப்பென்ற குழம்பையும் சேர்த்துச் சுமந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைச் சாத்திக்கொண்டு டாக்டரிடம் பேசுவேன். இயர்போன் போடுவதில்லை. காதுக்குள் குரல் கேட்பதை டாக்டர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்கள் என்று எனக்கு நானே ஒரு ஜோக் சொல்லி வைத்திருந்தேன். அதற்குப் பதிலாக மின்விசிறியை முழு வேகத்தில் சுற்ற விடுவேன். மெல்ல மெல்லத் தேறினேன். பசித்தது. மார்க்கெட்டில் ஒரு லாரிக்காரரிடம் சண்டைகூடப் போட்டேன். டாக்டர் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார்.

அம்மாவிடமும் ஒரு மாற்றம் தெரிந்தது. ஞாயிறானால் டிவி சத்தத்தைக் குறைத்தாள். "ஏலே, கதவை நல்லாச் சாத்திக்க. நான் ஒண்ணும் கேக்கல" என்றாள். மகனுக்கு மரியாதை கொடுக்கப் பழகிவிட்டாள் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கே எனக்குத் தனியாக ஒரு மாத்திரை தந்திருக்கலாம்.

ஒரு ஞாயிறு, பேச்சு பாதியில் இருக்கும்போது கதவு திறந்தது. அம்மா பட்டுச் சேலையில் நின்றாள். கையில் தட்டு. தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், குங்குமம், மல்லிகைச் சரம்.

எங்கள் பக்கம் பெண்ணைப் பிடித்துவிட்டால், மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் போய் அவள் தலையில் பூ வைத்துவிட்டு வருவார்கள். அதற்கப்புறம் வேறு யாரும் அந்தப் பெண்ணைக் கேட்டு வரக்கூடாது. கதவு வழியே கேட்ட பெண் குரல் வருங்கால மருமகளுடையது என்று அம்மா முடிவு கட்டியிருந்தாள்; பஸ் ஏறித் தேடிப் போக முட்டிவலி விடவில்லை. அதனால் போனிலேயே காரியத்தை முடிக்க வந்துவிட்டாள்.

"தள்ளி உக்காரு" என்று என்னை நகர்த்தினாள். "நல்லாருக்கியாத்தா? நான்தான் இவன் அம்மா."

"வணக்கம்மா" என்றார் டாக்டர். பார்வை மட்டும் என் பக்கம் வந்து போனது.

அம்மா பூச்சரத்தை எடுத்துப் போனின் தலையில் பயபக்தியோடு வைத்தாள். "சார், உங்க பக்கம் படம் வரலையே. வெள்ளையா என்னமோ தெரியுது" என்றது டாக்டரின் குரல். நான் சரத்தை ஒதுக்கினேன். அம்மா என் கையில் ஒன்று போட்டாள்.

"இன்னிக்கு இம்புட்டுத்தான். மத்ததை நேர்ல செஞ்சுக்குவோம். வயசு ரெண்டு மூணு கூட இருந்தாலும் பரவால்ல. எங்க பையனைப் பிடிச்சிருக்குல்ல?"

நோயாளி விஷயத்தை வெளியே சொல்ல மாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்தவர் டாக்டர். "நான் யாருன்னு அவர்தான் சொல்லணும்மா" என்றார்.

"பாரு, வெக்கப்படுது!" என்றாள் அம்மா.

தலையாட்டிவிட்டால் போதும், அம்மா சந்தோஷமாக எழுந்து போய்விடுவாள். ஆனால் அப்புறம் டாக்டர் முகத்தில் எப்படி விழிப்பது? மருந்தும் பேச்சும் அதோடு போச்சு. பயமாகத்தான் இருந்தது. சொல்லிவிட்டேன்.

"அம்மா, இவுக டாக்டர். எனக்கு வயித்துல ஒண்ணுமில்ல. மனசுதான் சரியில்ல. செத்துரலாம்னு இருந்துச்சு. இவுக மருந்துலதான் இப்பத் தேவலை."

அம்மா தட்டைக் கீழே வைத்தாள். கோடாங்கி பெயர் எப்போது வரும் என்று காத்திருந்தேன்.

"எம்புள்ள பொழச்சுக்கிருவானா டாக்டரு?"

"தேறிட்டுதான் வர்றார்மா. மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது."

"நான் கையில எடுத்துக் குடுக்குறேன்" என்றாள் அம்மா.

டாக்டருக்கு ஒரு சந்தேகம். "நான் யாரு, எந்த ஊருன்னு ஒண்ணுமே கேக்காம எப்படிம்மா பூ வைக்க வந்தீங்க?"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. கல்யாணப் புரோக்கர் செருப்பைக் கழற்றும் முன்பே "நம்மாளுகதானே?" என்று கேட்கிற அம்மா இவள்.

"கேட்டா வேற ஆளுகன்னு சொல்லிருவீகளோன்னு பயந்துதான் கேக்கல" என்றாள். "போன வாரம் கதவுக்கு அந்தப் பக்கம் இவன் சிரிச்ச சத்தம் கேட்டுச்சு. வருசக்கணக்கா கேக்காத சத்தம். யாரா இருந்தா என்னன்னு பூவைக் கட்டிட்டேன்."

டாக்டர் முன்னால் நான் ஒரு தடவைகூட அழுததில்லை. அன்று அம்மா மடியில் விழுந்து அழுதேன். டாக்டர் போனை வைக்காமல் அப்படியே இருந்தார்.