கேன்டீன் வரை போன ஆட்டம்

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில், கழிவறை சுத்தம் செய்ய ஒப்பந்தத்தில் வந்த அம்மா அவர். ஐம்பது வயதிருக்கும், நல்ல உயரம். யாரிடம் பேசினாலும் இடுப்பில் கைவைத்து, கண்ணைப் பார்த்துத்தான் பேசுவார்.

தொழிலாளர்களுக்குள் வேற்றுமை கூடாதென்று நிர்வாகம் வாராவாரம் நடன வகுப்பு வைத்தது. ஒருநாள் எல்லோரும் கைகோத்து ஆடினோம். அவருக்கு ஒரு பக்கம் மேனேஜர், மறுபக்கம் நான். சாப்பாட்டு மணி அடித்ததும் பாட்டு நின்றது; அவர் நிற்கவில்லை. ஆடியபடியே எங்களை இழுத்துக்கொண்டு கேன்டீனுக்குள், என்னைப் போன்ற நிரந்தரத் தொழிலாளர்கள் மட்டும் உட்காரும் பக்கம் போனார்.

"உங்க பெஞ்சு அந்தப் பக்கம்மா," என்றார் மேனேஜர்.

"ஆடும்போது எல்லாரும் ஒண்ணுன்னீங்களே சார். துன்னும்போது மட்டும் இன்னாத்துக்கு தனி பெஞ்சு? நான் இங்கதான் குந்திக்கினு துன்னப் போறேன்."

உட்கார்ந்துவிட்டார். பின்னால் வந்த மற்ற ஒப்பந்தத் தொழிலாளர்களும் உட்கார்ந்தார்கள். மேனேஜர் தன் அறைக்குப் போய்விட்டார்.

அடுத்த வாரமே நடன வகுப்பை நிறுத்திவிட்டார்கள். அவர் அந்த பெஞ்சை விடவில்லை.

அன்று கேன்டீன் வாசலில் நான் கையை உருவிக்கொள்ளப் பார்த்தேன். அது அவருக்குத் தெரியும். ஆனாலும் தினமும் பக்கத்தில் எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பார். ஏனென்று எனக்கு இன்னும் புரியவில்லை.