கறக்காத மாட்டுக்கு எதுக்குத் தீனி

என் வயிற்றில் பிள்ளை தங்கியது தெரிந்ததும் எனக்கு நினைவு வந்தது எங்கள் கொட்டகையில் நின்ற குட்டைப் பசுதான். என் பிள்ளையும் அப்படிப் பிறந்துவிடுமோ என்ற பயம் அன்றைக்கே பிடித்துக்கொண்டது.

எழுபதுகளின் நடுவில், மழை பொய்த்த ஒரு வருடம், அடி அண்ணாமலைக்கு மருமகளாக வந்தேன். தீனிக்குத் தட்டுப்பாடு வந்தால் மாமனார் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. முதலில் ஏர் மாடுகளுக்கு, அப்புறம் கறக்கிற மாட்டுக்கு. பால் வற்றிய சினைப்பசுவுக்கு மிச்சம் மீதி. அந்த வருடம் மிச்சமே இல்லை. "கறக்காத மாட்டுக்கு எதுக்குத் தீனி?" என்பார் மாமனார்.

அப்படிப் பட்டினி கிடந்த சினைப்பசு ஈன்ற கிடேரிக்கன்று ஆட்டுக்குட்டி அளவுதான் இருந்தது. மாமியார் அதைச் சவலை என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிறந்த பிறகு தாய்ப்பால் போதாமல் நோஞ்சானாவதுதான் சவலை. இது மடியில் வாய் வைப்பதற்கு முன்பே இளைத்து வந்தது. சவலை என்று சொல்லிவிட்டால் பழி தாயின் மடிமேல் போய்விடும். தீனித் தொட்டியைக் காலியாக வைத்தவர்கள் தப்பித்துக்கொள்வார்கள்.

மறு வருடம் மழை கொட்டியது. நான் விடவில்லை. புண்ணாக்கு, தவிடு, கடலைக்கொடி, பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்தவர்கள் நீட்டிய அகத்திக்கீரை என்று எல்லாவற்றையும் அந்தக் கன்றுக்கே போட்டேன். கொழுத்ததே தவிர உயரவில்லை. அதற்குப் பின் பிறந்த தங்கச்சிக் கன்று அதைத் தாண்டி வளர்ந்துவிட்டது. பருவத்துக்கு வந்த பிறகும் வழிப்போக்கர்கள் "கன்னுக்குட்டி அழகா இருக்குதே" என்று கொஞ்சிவிட்டுப் போனார்கள்.

கால்நடை டாக்டர் ஒருமுறை தடவிப் பார்த்தார். "தாய் வயித்துல இருக்கச்சொல்லவே பட்ட கொறைங்க இது. இப்ப எவ்ளோ போட்டாலும் முழுசா ஈடாகாதுங்க" என்றார்.

"ரத்தம் அப்படி" என்று முடித்துவிட்டார் மாமனார். தொட்டியைக் காலியாக வைத்ததே அவர்தான்.

அந்தக் கிடேரி குட்டைப் பசுவாகவே நின்று, கடைசியில் சினைபிடித்து ஈன்றபோது ஊரெல்லாம் பச்சை. தீனிக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் கன்று மறுபடி சின்னது. பாட்டிப் பசு தின்னாத தீனி, பேத்திவரைக்கும் வந்து நின்றது.

எனக்கு அப்போது ஐந்தாம் மாதம். ஆண்கள் சாப்பிட்டு, பிள்ளைகள் சாப்பிட்டு, மாமியாரும் எழுந்த பிறகு பானையில் இருப்பதுதான் மருமகளுக்கு. கன்றைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தேன். என் பிள்ளைக்காகவும், அதன் பிள்ளைக்காகவும் சேர்த்துப் பயந்தேன். அப்புறம் பயம் போய் ஆத்திரம்தான் மிஞ்சியது.

கை கழுவிவிட்டு நேராக அடுப்பங்கரைக்குப் போனேன். தட்டு நிறையச் சோறு போட்டு, குழம்பை ஊற்றி, நடுவீட்டில் உட்கார்ந்தேன்.

"ஆம்பளைங்களே இன்னும் சாப்புடல. இன்னாடி இது?" என்றார் மாமியார்.

"கொட்டாயில போயி கன்னுக்குட்டியப் பாத்துட்டு வாங்க அத்த. அப்புறம் வந்து என் தட்டப் புடுங்குங்க."

அவர் போகவில்லை. வாசலில் மாமனார் செருமினார். நான் எழுந்து இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டேன்.