மூன்றாம் மாடிக்குள் இறங்கும் தண்ணீர்

என் சம்பந்தியைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்றைக்கு மூன்று நாற்றுப் பண்ணைகள் என் பேர் சொல்லிக்கொண்டு நிற்கின்றன. நாற்பது வருஷம் மண்ணிலேயே புரண்டவன். என்னை மண் விஷயத்தில் ஒருவர் வாயடைக்க வைத்தார் என்றால் அவரைப் பற்றி எழுதாமல் வேறு யாரைப் பற்றி எழுதுவது?

என் மகளை அவர் மகனுக்குக் கொடுத்திருக்கிறேன். பதினொரு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் அவர் லிஃப்ட் ஓட்டுகிறார். கம்பிக் கதவும் பித்தளைக் கைப்பிடியும் வைத்த பழைய லிஃப்ட். அதில் ஒரு மர ஸ்டூல் போட்டு முப்பத்தோரு வருஷமாக மேலே போய்க் கீழே வந்துகொண்டிருக்கிறார். அங்கே எல்லோரும் அவரை ‘மேலகீழ’ என்றுதான் கூப்பிடுவார்கள். லிஃப்ட் கிளம்பும்போது உள்ளங்காலில் ஒரு மெல்லிய நடுக்கம் வருமாம். அதை வைத்தே, மூடிய கண்ணைத் திறக்காமல், “இன்னைக்கு ஆள் கம்மி, ஃபைல் ஜாஸ்தி” என்பார்.

“தூங்கறீங்களா?” என்று யாராவது கேட்டால், “இல்ல சார், மிதக்கறேன்” என்பது அவர் பதில்.

கட்டடத்தில் மாடிக்கு ஒரு ஜன்னல். ஒவ்வொரு ஜன்னலிலும் அவர் வைத்த கோலியஸ் செடித் தொட்டி உண்டு. கோலியஸை யாரும் பூவுக்காக வளர்ப்பதில்லை, இலைதான் அதற்கு அழகு. கருஞ்சிவப்பு, எலுமிச்சைப் பச்சை, ஓரத்தில் பொன் ஜரிகை என்று ஜன்னலுக்கு ஒரு நிறம். லிஃப்ட் மேலே ஏறும்போது கம்பிக் கதவு வழியாக அந்த நிறங்கள் ஒவ்வொன்றாக இறங்கிப் போகும். அதைப் பார்ப்பதற்காகவே நான் வேலையில்லாமல் பலமுறை போய் வந்திருக்கிறேன்.

கோலியஸுக்கு ஒரு குணம் உண்டு. ஒரே செடியில் திடீரென்று ஒரு கிளை மட்டும் வேறு நிறத்தில் துளிர்க்கும். ஏழாம் மாடிச் செடி அப்படிச் செய்தது. கண்ணை மூடிக்கொண்டு வெயில் பக்கம் திரும்பினால் இமைக்குள் ஒரு நிறம் தெரியுமே, அந்த நிறம். லட்சக்கணக்கில் செடி பார்த்த நானே அதைப் பார்த்ததில்லை.

ஆனால் தாய்ச்செடிக்கு வயதாகிவிட்டது. தண்டு கட்டைபோல் முற்றி, கீழிருந்து பட்டுப்போய்க்கொண்டே வந்தது. அந்த நிறத்தில் இருந்தவை இரண்டே நுனிகள். வெட்டி நட்டு வேர் பிடித்தால் உண்டு. இல்லாவிட்டால் அந்த நிறம் போனது போனதுதான்.

முதல் நுனியை ஈரக் கைக்குட்டையில் சுற்றி என் பண்ணைக்குக் கொண்டுவந்தார். முகத்தில் அப்படி ஒரு கவலை.

“சம்பந்தி, கவலைய என்கிட்ட குடுத்துட்டு நீங்க போய் மிதங்க” என்றேன்.

என் மண்ணுக்கு நாலு ஊரில் பேர். களிமண், செம்மண், மக்கிய சாணம், மூன்றும் சேர்ந்த கறுப்புக் கலவை. லாரியில் எத்தனை குலுங்கினாலும் வேர்க்கட்டி உடையாது. நட்டுவிட்டு என் கட்டைவிரலால் சுற்றி ஓர் அழுத்து அழுத்தினால் புயலுக்கும் அசையாது. அப்படித்தான் நட்டுக் கொடுத்தேன்.

எட்டாம் நாள் அடித்தண்டு கறுத்து, நுனி தலையைத் தொங்கப்போட்டது. நான் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது சம்பந்தியம்மா, “நாப்பது வருஷத்து மண்ணு எட்டே நாள்ல வேலைய காட்டிடுச்சே அண்ணா” என்றார். நான் சுவரைப் பார்த்தேன்.

சம்பந்தி ஒரு குத்தல் வார்த்தை பேசவில்லை. தொட்டியைக் கையில் தூக்கி லேசாக ஆட்டிப் பார்த்தார். “உங்க மண்ணு வழிப்பயணம் போற மண்ணு சம்பந்தி. கெட்டியா பிடிச்சுக்கும். என் செடி எங்கயும் போகப்போறதில்ல. அது இருக்கற இடத்துல மூச்சு விட்டா போதும்.”

யாரிடமும் இரவல் வாங்காத, அவருடைய சொந்தப் பேச்சு. எனக்குச் சுருக்கென்றது.

மிச்சமிருந்த ஒரே நுனியை அவர் உடனே வெட்டவில்லை. முதலில் வெறும் மண்ணைச் சோதித்தார். அதுவும் எங்கே? லிஃப்டுக்குள். அடியில் துளையிட்ட தகர டப்பாவில் ஒரு கலவையை நிரப்பி, ஒரு தட்டில் வைத்து, தரைத்தளத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிவிட்டு லிஃப்டைக் கிளப்புவார். எந்த மாடியில் தண்ணீர் தட்டில் சொட்டுகிறது என்பதுதான் கணக்கு. மூன்றில் சொட்டினால் சரியான மண் என்பது அவர் முடிவு.

“என்ன மேலகீழ, தண்ணிக்கும் மாடி காட்டறீங்களா?” என்று கேட்டார் ஒரு குமாஸ்தா.

“ஆமா சார். அதுக்கு மூணாவது மாடில வேலை இருக்கு.”

வெறும் மணலில் ஊற்றியது முதல் மாடிக்கு முன்பே ஓடிவிட்டது. என் மண்ணில் ஊற்றியது பதினொன்றாம் மாடி போய்த் திரும்பி வந்த பிறகும் மேலேயே கண்ணாடி மாதிரி நின்றது. குனிந்து பார்த்தேன், என் முகம் தெரிந்தது.

ஒன்பது நாள் இப்படி. நானும் சும்மா இருக்கவில்லை. தேங்காய் நார்த்தூளில் உப்பு இருக்கும், அப்படியே போட்டால் இலை ஓரம் தீய்ந்துவிடும். அதை மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்து கொடுத்தவன் நான். கடைசியில் அவர் சேர்த்த கலவை இது: அலசியதில் இரண்டு பங்கு, கட்டட முற்றத்து மரத்தடியில் இரண்டு வருஷம் மக்கிய இலை ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரே ஒரு பிடி. உரத்தை அள்ளிப் போடலாமே என்றேன்.

“வேணாம் சம்பந்தி. சாப்பாடு கூடுனா உடம்பு வரும், நிறம் வெளிறிடும்.”

அந்தக் கலவையில் தண்ணீர் சரியாக மூன்றாம் மாடியில் சொட்டியது. பிறகு டப்பாவை உள்ளங்கையில் நிறுத்திக் கண்ணை மூடிக்கொண்டார். “தண்ணில எல்லாரும் இறங்கிடல. உள்ள நாலு பேர் உக்காந்திருக்காங்க. இது போதும்” என்றார். நானும் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பார்த்தேன். உருண்டையாக நின்றது, விரலால் தொட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது.

கடைசி நுனியை ஏழாம் மாடி ஜன்னலோரம் நட்டார். பழக்கதோஷம், என் கட்டைவிரல் தானாக மண்ணை நோக்கிப் போயிற்று. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கல்யாணத்தன்று கைகுலுக்கியதற்குப் பிறகு அவர் என்னைத் தொட்டது அன்றுதான்.

“விடுங்க சம்பந்தி. அதுவே உக்காந்துக்கும்.” தொட்டியை இரண்டு தட்டுத் தட்டியதோடு சரி.

அதற்குப் பிறகு நான் தினமும் போனேன். பண்ணையில் கேட்டால் வெளி வேலை என்பேன். அவர் ஸ்டூலில், நான் அவர் பக்கத்தில் நின்றபடி. ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். மாடிகள் நீருக்கடியில் இருப்பதுபோல் மெல்ல நழுவிப் போயின. ஏழு வரும்போதெல்லாம் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிடுவோம். தண்டு கறுக்கவில்லை. பதின்மூன்றாம் நாள் அவர் ஓர் இலையை மெதுவாக இழுத்துப் பார்த்தார். அது திருப்பி இழுத்தது. வேர்.

ஆனாலும் நிம்மதி வரவில்லை. புதுத்துளிர் தாய்ச்செடியின் பழைய நிறத்துக்கே திரும்பிவிட்டால் எல்லாம் வீண். முதல் ஜோடி இலை மங்கலாக வந்தது. இரண்டாவதும் அப்படித்தான். சம்பந்திக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று சம்பந்தியம்மா என்னிடம் ரகசியமாகச் சொன்னார்.

மூன்றாவது ஜோடி விரிந்த காலை, லிஃப்டை ஏழில் நிறுத்திக் கம்பிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். கீழ்த்தளத்திலிருந்து மணி அடித்தது. மறுபடியும் அடித்தது. மணி அடித்தால் முதல் வினாடியிலேயே கைப்பிடியைத் திருப்புகிற மனிதர் அசையவில்லை.

“கீழ கூப்பிடறாங்க சம்பந்தி” என்றேன்.

“கூப்பிடட்டும். வெயில் எதிர்க்கட்டடத்து ஜன்னல்ல இருக்கு. ரெண்டு நிமிஷத்துல இங்க வந்துடும்.”

வந்தது. எதிர்க்கட்டடத்துக் கண்ணாடியில் பட்டுச் சாய்ந்து வந்த இளவெயில் அந்த இரண்டு இலைகளுக்குள் புகுந்தது. அதே நிறம். சுண்டுவிரல் நகத்தின் அளவுதான் இலை. சுவர், கம்பிக் கதவு, அவருடைய நரைத்த மீசை எல்லாவற்றிலும் அது ஏறியதுபோல் இருந்தது. அந்த நிறத்தை அவருக்கு அடுத்தபடியாகப் பார்த்த மனிதன் நான். யார் கேட்டாலும் சொல்வேன்.

கீழே மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் கண்களை மூடினார். நானும் மூடிப் பார்த்தேன். உள்ளேயும் அதுதான் இருந்தது.